கால் கழுவும் தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்தில் ஊர் பல் துலக்கிக்கொண்டிருக்கும். அண்ணி அடுத்தவன் அழுக்கை முகத்தில் வாங்கிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு இறைச்சிக் கடைகளின் பின்சுவர். கொழுப்பும் ரத்தமும் படை படையாகக் கறுத்துக் கிடந்தன. தண்ணீர்த் துப்பாக்கியைத் திருப்பியதும் அந்தப் படை பிய்ந்து அவள் மேலேயே வந்து விழுந்தது. வாயை இறுக்கி மூடியும் உதட்டோரம் உப்புக் கரித்தது. தூவென்று துப்பினாள். என்ன துப்பினாலும் அந்த நாற்றம் மத்தியானச் சோற்றுக்குக் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணி என்பது அவள் பெயரில்லை. கூட வேலை பார்த்த நாத்தனார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஏணியில் ஏறும் நெட்டையனுக்கும் அவள் அண்ணி, வேன் ஓட்டுகிறவருக்கும் அண்ணி. முதலாளிக்கு மட்டும் ‘ஏம்மா’. கட்டடங்களின் வெளிச்சுவரைக் கழுவிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. ஒரு வேன், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஒரு பிரஷர் மெஷின், நாலு ஆள். நாலு என்பது போன வாரம் வரைக்கும்.

வேனில் ஏறுமுன் கால் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். நாற்றம் அவருக்குக் குமட்டுமாம். ஊர் அசிங்கத்தைக் கழுவித்தான் அந்த வேனே வந்தது, அதெல்லாம் அவர் மூக்குக்குத் தெரியாது. கால் கழுவ ஒரு வாளி கிடையாது, ஒரு துண்டு சோப்பு கிடையாது. ஆகவே வேலை முடிந்ததும் ஆளுக்கொரு காலை நீட்டி, சுவரைக் கழுவிய அதே துப்பாக்கியால் விரலிடுக்குச் சகதியைப் பீய்ச்சிக்கொள்வார்கள். பழகிப்போன காரியம். குறுகுறுக்கிறது என்று நாத்தனார் சிரிக்கக்கூடச் செய்வாள்.

துப்பாக்கியின் விசையைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கையை எடுத்தால் தண்ணீர் நின்றுவிடுகிறது, நேரம் வீணாகிறது என்று முதலாளிதான் கட்டச் சொன்னார். போன வாரம் ஒரு சாக்கடைச் சுவரை முடித்துவிட்டுக் கால் கழுவும்போது நாத்தனாரின் கை வழுக்கியது. விட்டாள், தண்ணீர் விடவில்லை. புறங்காலில் குண்டூசி குத்தினாற்போல் ஒரே ஒரு பொட்டு. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. முதலாளி எட்ட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிளாஸ்டர் ஒட்டினால் சரியாகிவிடும் என்றார்.

அந்தச் சுவரின் அத்தனை அழுகலையும் அந்தத் தண்ணீர் தோலுக்குள் ஏற்றியிருந்தது. மறுநாள் கால் பூசணிக்காயாக வீங்கியது. இப்போது ஆஸ்பத்திரியில் பாதத்தைக் கீறித் திறந்தே வைத்திருக்கிறார்கள். விரல்கள் தப்புமா என்று கேட்டால் டாக்டர் மேலே பார்க்கிறார்.

இறைச்சிக் கடைச் சுவரில் அண்ணி கடைசித் தண்ணீரை அடித்து முடித்தபோது முதலாளி வந்து இறங்கினார். முகத்தில் கல்யாணக் களை. பழைய மெஷினைத் தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கப் போகிறோம், தூக்கிவைக்க எல்லாரும் வாருங்கள் என்றார். அண்ணிக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்துபோனது. நாத்தனார் கால் மனுஷனை உறுத்தியிருக்கிறது, பாவம், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள். துப்பாக்கியைக் காலுக்குத் திருப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சாக்கில் காலைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு ஏறினார்கள்.

கடை பளபளவென்று இருந்தது. வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார். கடைக்காரர் நல்ல மாதிரி. எந்த வேலைக்கு என்று விசாரித்துவிட்டு ஒரு மெஷினைக் காட்டினார். அழுத்தம் அளவாக இருக்கும், தண்ணீர் சூடாக வரும், கொழுப்புப் பிசுக்குக்கு அதுதான் தோது, விசையை விட்ட மாத்திரத்தில் நின்றுவிடும் என்றார். முதலாளியின் கண் அதில் நிற்கவில்லை. மூலையில் பெட்ரோலில் ஓடும் பெரிய மெஷின் ஒன்று கிடந்தது. சிமெண்டையே பேர்க்கும் வேகம். அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இது இருந்தா ரெண்டு ஆள் போதும்ல?” என்றார் கடைக்காரரிடம். அப்புறம் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதுல விசையைக் கம்பி போட்டுக் கட்ட முடியுமா?”

  இறைச்சிக் கடைச் சுவரில் வராத குமட்டல் அண்ணிக்கு, பளிங்குத் தரையில் நின்ற நல்ல சட்டை போட்ட ஆளைப் பார்த்து வந்தது. சீ, இதுவும் ஒரு பிறவியா! அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். வெள்ளைத் தரையில் சகதித் தடம் கூடவே வந்தது.

“ஏம்மா, தரையெல்லாம் பாழாகுது, வெளிய நில்லு.”

“துடைச்சுக்கலாம் முதலாளி. கம்பி கட்டினதாலதான் அவ கால் அழுகிக் கிடக்கு. மறுபடியும் கட்டணும்னு கேக்குறீங்க?”

“கால்ல யாரு அடிச்சுக்கச் சொன்னது? அது அவ கவனக்குறைவு.”

“வேன்ல நாத்தம் வரக்கூடாதுன்னு யாரு சொன்னது?”

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், இப்போது வந்து ஒரு கை பிடியுங்கள் என்றார். இரண்டு ஆளில் நீயும் ஒருத்தி, உன் வேலைக்கு ஒன்றும் வராது என்று அவள் காதுக்கு மட்டும் ஓர் எலும்புத் துண்டு போட்டார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. நாத்தனார் வேலையைப் பிடுங்கி அண்ணியின் தட்டிலேயே வைக்கிறார்.

“இதை நான் தொட மாட்டேன்” என்றாள். “புடிக்கிற கை எங்களுது. எந்த மெஷினுன்னு நாங்களும் சேர்ந்துதான் சொல்லுவோம். கால் கழுவக் குழாயும் சோப்பும் வேணும். அவ குணமாகி வந்தா அவ இடம் அவளுக்கு.”

“ஓகோ. நெட்டையா, நீ வாடா, தூக்கு.”

நெட்டையன் உள்ளே வந்தான். மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தான். “எனக்கு முதுகு புடிச்சிருக்கு முதலாளி, அண்ணிக்குப் புடிச்ச அதே இடத்துல” என்று அண்ணி பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

மிச்சமிருந்தது வேன்காரர். முதலாளி சம்சாரத்துக்குத் தூரத்துச் சொந்தம். இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. கூப்பிட்டதும் வந்தார்.  அவர் குனியவில்லை. வேன் சாவியை மெஷினின் மேல் வைத்தார்.

“அன்னிக்கு அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கேட்டேன். சீட்டு அழுக்காயிடும்னீங்க” என்றார். 

இவர்கள் இல்லாவிட்டால் ஊரில் ஆளே கிடைக்காதா என்று முதலாளி கத்தினார். கிடைப்பார்கள்தான், அண்ணிக்கு அது தெரியாமல் இல்லை. நாளைக்கு அடுப்பு எரிய என்ன வழி என்றும் தெரியவில்லை. கோபத்தில் அவரே மெஷினின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது அசைவேனா என்றது. மூவரும் வெளியே நடந்தார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்று அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு குழாய் இருந்தது. நெட்டையன் எதிர்க் கடையில் ஒரு சின்ன சோப்பு வாங்கி வந்தான். வேன்காரர் குவளையில் பிடித்து, அண்ணியின் கால்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். “இருங்க, விரலிடுக்குல இன்னும் இருக்கு” என்றார். அப்புறம் அவள் குவளையை வாங்கி அவருக்கு ஊற்றினாள். எந்த அவசரமும் இல்லாமல் மூவரும் கழுவினார்கள்.

நாத்தனார் கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. சேதி அவளுக்கு முன்னமே எட்டியிருந்தது. முதலாளிதான் போனில் கூப்பிட்டு, உன் அண்ணிக்குப் புத்தி சொல் என்றிருக்கிறார்.

“எந்த மெஷின் அண்ணி வாங்குனாரு?”

“இன்னும் வாங்கல” என்றாள் அண்ணி, கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு. “நீ எந்திரிச்சு வா. நாலு பேரும் போய்ப் பாப்போம்.”