அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது

விண்ணப்பப் பாரத்தில் மூன்று இடத்தில் ஹஸ்லினா பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அரசாங்க வாடகை வீட்டுக் கிளை அலுவலகத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண். குரலை உயர்த்தத் தெரியாதவள் என்பதால் சுவா பெங் தியோங்குக்கு அவளிடம் எரிந்து விழவும் முடியவில்லை.

முதல் இரண்டும் சில்லறைத் தப்புகள். பிறந்த தேதியில் மாதம் முன்னால் போயிருந்தது, அடையாள அட்டை எண்ணில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வெள்ளை மை கூடாது. ஒற்றைக் கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்.

"அங்கிள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்டா, உங்க நம்பரையே எழுதியிருக்கீங்க."

"போன் எப்பவும் என் சட்டைப் பையிலதாம்மா இருக்கும்."

"உங்களுக்கே ஏதாவது ஆயிட்டா யாரு எடுப்பாங்க?"

சுவா யோசித்துப் பார்த்தார். நியாயமான கேள்விதான்.

தனி ஆளுக்குத் தனி வீடு கிடையாது, இன்னொரு தனி ஆளோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும். "கூட இருக்கப்போற ஆளைப் போட்டுடவா?"

"அவர் பேரும் இதே பாரத்துல இருக்கு. வெளி ஆள் வேணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுத்துடுங்க. இல்லாட்டி வீடு அடுத்தவங்களுக்குப் போயிடும், நீங்க மறுபடி வரிசையில கடைசி."

போன தடவை அந்த வரிசை பதினோரு மாதம் இழுத்தது. இப்போது அவர் படுப்பது நாற்காலி மேசைக் கிடங்கின் பின்னறையில். சீனப் புத்தாண்டு முடிந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மலாக்காவில் ஒரு தங்கை இருக்கிறாள். அப்பா சாவுக்கு இவர் போகாததோடு பேச்சு அறுந்தது. அவள் நம்பர்கூட இவரிடம் இல்லை.

நேரே காப்பிக் கடை கியோக் லானிடம் போனார். ஒன்பது வருடமாக அவருக்குச் சர்க்கரை குறைத்துக் கலக்கிக் கொடுக்கிறவள்.

"ஏன்யா, புது வருஷத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. உன் சாவுச் சேதி என் போனுக்கு வரட்டும்னு இப்பவே எழுதித் தரச் சொல்றியா?"

"சாவுன்னு யார் சொன்னா? அவசரம்னுதான் போட்டிருக்கு."

"உன் வயசுக்கு வேற என்ன அவசரம்? பதினஞ்சு நாள் கொண்டாட்டம் முடியட்டும், அப்புறம் வா. இந்தா, காப்பியைக் குடி."

அவருக்குக் கோபம் வரவில்லை. புத்தாண்டு நெருங்கும்போது சாவுப் பேச்சு எடுப்பதே அபசகுனம். இந்த நாளில் யார் வந்து கேட்டிருந்தாலும் அவரும் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். ஆனால் அவளை விட்டால் கேட்க இன்னொரு முகம் நினைவுக்கு வரவில்லை. காப்பி ஆறும்வரை தேடியும் வரவில்லை.

நாலேகாலுக்குக் கிளைக்குத் திரும்பினார். பெஞ்சில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் இதே பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே இடத்தில் பென்சில் வட்டம், எழுத வேண்டிய கட்டம் காலி.

"உங்களுக்கும் ஆள் இல்லையா?" என்றார் சுவா.

"இருந்தா இங்க ஏன் உட்கார்ந்திருக்கேன்?"

"என் பேரை நீங்க எழுதிக்குங்க. உங்க பேரை நான் எழுதிக்கறேன்."

வழுக்கைத் தலைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சீக்கு கீக்கு உண்டா?"

"ரத்தக் கொதிப்பு மட்டும்."

"சரி, அது எனக்கும்தான். நான் சர்ச்சுக்குப் போறவன், புத்தாண்டு பயமெல்லாம் கிடையாது. எழுதுங்க, என் பேரு ஹோ வெய் கியோங்."

இருவரும் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார்கள். 'உறவு' என்ற இடத்தில் சுவாவின் பேனா நின்றது. எட்டிப் பார்த்தார். ஹோ 'நண்பர்' என்று எழுதியிருந்தார். இவரும் அதையே எழுதி, தன் நம்பரின் மேல் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஹஸ்லினா இரண்டு பாரங்களையும் பார்த்தாள், இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டிலும் முத்திரை குத்தி, ஆளுக்கொரு நகல் கொடுத்தாள். வீடு கிடைத்துவிடும்.

ஹோ தலையசைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். சுவாவுக்குத் திடீரென்று சந்தேகம், நம்பரைச் சரியாகத்தான் எழுதினோமா? நகலைப் பார்த்துக் கைப்பேசியில் அடித்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஹோ நின்று, பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். நம்பர் சரிதான். ஹோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையை உற்றுப் பார்த்தார். சுவாவின் நம்பரை அவர் பாரத்தில்தான் எழுதினார், கைப்பேசியில் பதியவில்லை. மோசடிக்காரர்களாக இருக்கும், தெரியாத எண்ணை எடுக்காதே என்றுதான் ஊரெல்லாம் போலீஸ் சுவரொட்டி ஒட்டியிருக்கிறதே. துண்டித்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினார்.

சுவா மறுபடி கூப்பிடவில்லை. ஹோவின் இடத்தில் இவர் இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்.