செட்டியார் கடையில் வெல்லம் குறைந்த கேஸ்

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் மங்களத்தின் ஃபிளாட்டில் ஏழு படிக் கொலு. அதில் மூளை உள்ள பொம்மை ஒன்றே ஒன்றுதான், அது நான். ஆறாம் படி ஓரத்தில், காக்கி உடுப்பும் சிவப்புத் தொப்பியும் போட்டு, வலது கையால் சல்யூட் அடித்தபடி நிற்கும் களிமண் போலீஸ்காரன். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. மேல் மூன்று படிகளில் சாமிகள். கீழே கொலையே விழுந்தாலும் அவர்கள் புன்னகை மாறாது. நாலாம் படியில் கல்யாண செட். பத்து வருஷமாக மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கட்டத் துப்பில்லை. ஐந்தாம் படியில் கிரிக்கெட் செட். பந்து தொலைந்து நாலு வருஷம் ஆகிறது. ஆடுகிறவர்களில் ஒருவனும் இன்னும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் செட்டியாரம்மாவைக் காணோம்.

எனக்குப் பக்கத்தில்தான் செட்டியார் கடை. தொப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு செட்டியார், அருகில் மூக்குத்தி போட்ட சம்சாரம், முன்னால் சின்னத் தட்டுகளில் மங்களம் கொட்டி வைத்த நிஜ அரிசி, துவரம்பருப்பு, ஒரு துண்டு வெல்லம். சம்சாரம் இருந்த இடம் காலி. மங்களம் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் தாலியே ஆடியது.

"அக்ஷதா! செட்டியாரம்மா எங்கடி?"

"நாக்கு தெலியது மா," என்றாள் மகள். ஐந்தாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் 'எனக்குத் தெரியாது' என்பாள், அதிலும் தலையைத் தூக்காமல்.

"உடைச்சிருந்தா இப்பவே சொல்லிடு. உடைஞ்ச பொம்மை வீட்ல இருக்கக் கூடாது, ஏரியில விட்டுடணும். ஜோடி இல்லாம செட்டியாரைத் தனியா வைக்கறதும் நல்லதில்லை. சாயங்காலம் தாம்பூலத்துக்கு ஆள் வராங்க. அதுக்குள்ள கிடைக்கலைன்னா அவரையும் எடுத்துடுவேன்."

கேஸ் என் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். இந்தக் கும்பலில் வேறு யாரிடம் கொடுப்பது?

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மங்களம் படுத்திருப்பாள், அக்ஷதா டியூஷனில் இருப்பாள். அந்த இரண்டு மணி நேரம்தான் நாங்கள் கை காலை நீட்டுவது. கடிகாரம் இரண்டு அடித்ததும் சல்யூட்டை இறக்கிவிட்டுச் செட்டியாரிடம் போனேன்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஞாபகம் இல்லீங்க ஏட்டய்யா," என்றார், அரிசிக் குவியலைத் தட்டிச் சமன் செய்தபடி.

பெண்டாட்டியைக் காணோம், இவருக்கு அரிசி கூம்பாக இருக்கிறதா என்ற கவலை. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. மனுஷனா இவர் என்று நினைத்தேன். பொம்மைதான், இருந்தாலும் ஒரு அளவு வேண்டாமா?

அடுத்து ஏழாம் படியில் இருந்த ரோபோ. பேகம் பஜாரில் வாங்கியது. அக்ஷதா அழுது அடம்பிடித்துக் கொலுவில் ஏற்றியது. பிளாஸ்டிக் ஜாதியை நான் சாதாரணமாகப் பேச்சுக்கு இழுப்பதில்லை.

"நேத்து ஆறாம் படிப் பக்கம் போனியா?"

"கைக்கு பூச்ரே போலீஸ்? எதுக்குக் கேக்கறே? செல் தீந்து மூணு நாள் ஆச்சு. என் கழுத்தே திரும்பலை, நான் எங்க ஏறிப் போறது?"

திருடுவதற்குக்கூட லாயக்கில்லாத ஜன்மம். திரும்பி வந்து கடையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அரிசி அப்படியே இருந்தது. பருப்பு அப்படியே இருந்தது. வெல்லத்தில் மட்டும் ஒரு மூலையைக் காணோம். களிமண் வயிற்றுக்கு வெல்லம் எதற்கு?

வெல்லம் இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும். எறும்பு எனக்குப் புதிதில்லை. முதல் நாளிலிருந்தே இரண்டு மூன்று என் முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. நாலு பேருக்குத் தெரிந்த முகம் என்றால் மொய்க்கத்தான் செய்வார்கள் என்று விட்டிருந்தேன். ஆனால் தட்டிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, படிமேல் விரித்த வெள்ளை வேட்டிக்குப் பின்னால் இறங்கியது. நானும் இறங்கினேன்.

படிகளுக்கு அடியில், பொம்மை சுற்றிய பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே, செட்டியாரம்மா படுத்திருந்தாள். இடது தோளைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு.

"சத்தம் போடாதீங்க ஏட்டய்யா," என்றாள். "முதல் நாள் பாப்பா பொம்மைப் பையை நழுவ விட்டுச்சே, அப்பவே கை போயிடுச்சு. ரெண்டு நாள் முந்தானைக்குள்ள மறைச்சுட்டு உக்காந்திருந்தேன். நேத்து அவருதான் கலசத் தண்ணியில வெல்லத்தைக் குழைச்சு ஒட்டி விட்டாரு. நாளைக்குக் காஞ்சிடும். நானே மேல வந்துடுவேன். ஒரு நாள் பொறுங்க."

அந்தப் பையில் நானும்தான் இருந்தேன். முகத்தில் ஓர் அடி, கொஞ்ச நேரம் நினைவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் தரமான களிமண்.

"ஊனத்தை மறைச்சுக் கொலுவுல உக்காந்தது குத்தம்," என்றேன். "அதுக்கு உங்க வீட்டுக்காரரும் உடந்தை."

அவள் கெஞ்சினாள். நான் அவள் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். நாலடிக்க ஐந்து நிமிஷம். கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லோரையும் எட்டிப் பார்க்கச் சொல்லி, வெல்லத்தில் ஆரம்பித்து எறும்பு வழியாக உண்மைக்கு வந்த கதையை விளக்கினேன். ஒருவனும் கை தட்டவில்லை. ரசனை கெட்ட கூட்டம்.

செட்டியார் அரிசியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு நாள் ஏட்டய்யா."

"சட்டம் சட்டம்தான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எல்லோரும் அவரவர் இடத்தில் உறைந்தோம்.

மங்களம் வந்து பார்த்து, "அட, இங்கதான் இருக்காளா!" என்று முகம் மலர்ந்து செட்டியாரம்மாவைத் தூக்கினாள். இடது கை தனியாக அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

டியூஷனிலிருந்து வந்த அக்ஷதா வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, நக்கோ! வேண்டாம்மா! கம் லகாயிங்கே!"

"எந்தக் கம் போட்டாலும் ஒட்டினது ஒட்டினதுதான். கொலுவுக்கு ஆகாது." மங்களத்துக்கும் குரல் இறங்கியிருந்தது. "பாவம், இவரை மட்டும் தனியா எப்படி வைக்கறது? ரெண்டு பேரும் சேர்ந்தே போகட்டும். நாளைக்குக் காலையில சபில்குடா ஏரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

அவள் பழைய துணி எடுக்க உள்ளே போனாள். அக்ஷதா அழுதுகொண்டே பின்னால் போனாள். அந்த அரை நிமிஷத்தில் செட்டியார் என் பக்கம் சாய்ந்தார். திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏட்டய்யா, மூக்கைத் தொடாதீங்க. அன்னிக்குப் பை விழுந்ததுல உடைஞ்சுடுச்சு. உங்களுக்கு நினைவு வரதுக்குள்ள அவதான் தேடி எடுத்தா, நான் ஒட்டினேன். அவசரத்துல வெல்லப் பாகு சரியா அமையலை. எறும்பு வந்தா ஊதி விட்டுடுங்க."

மங்களம் வந்து இருவரையும் ஒரே துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் தாம்பூலத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, போலீஸ்காரன் எவ்வளவு அழகு என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கை நெற்றியில், அசைய முடியாது. மூக்கின் மேல் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளில்லாத கடையில் அரிசி, பருப்பு, மூலை போன வெல்லம். இந்தப் படிகளில் மூளை உள்ளவர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நான் பிடித்துக் கொடுத்தேன்.