ஒரு விரல் இடம்

நாகஜோதியின் பழைய பியட் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அவள் ஆசைப்பட்டு வாங்கிய அகலச் சக்கரங்களை மாட்டியிருந்தார் மெக்கானிக் ஸ்டான்லி. சக்கரம் உள்வாங்கி உட்காரும் அளவான ஆஃப்செட் பொருந்தாவிட்டால், அது வெளியே தள்ளிக்கொண்டு, டயர் மட்கார்டில் உரசும். அவளை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார்.

கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் ஒடித்தாள். சக்கரம் அந்தரத்தில் திரும்பியது. சின்னாளப்பட்டியில் காயப்போட்ட சுங்குடிச் சேலைகள் கண்ணாடியை வருடிப் போயின. வலப்பக்கம் ஒடித்தாள். அகரத்துத் தென்னைகள் விலகி வழிவிட, சிறுமலை நீலமாக மிதந்து வந்தது.

“அக்கா, எங்க போயிட்டீக? போதும், விடுங்க.”

கண்ணைத் திறந்தாள். பட்டறைதான்.

“முன்னால ஒரு விரல் இடம் இருக்கு. பின்னாலதான் கம்மி. வீட்டாளுக அம்புட்டுப் பேரும் ஏறினா வண்டி அமுங்கி உரசும். பழைய சக்கரத்தையே மாட்டிரவா?”

காலையிலேயே வீட்டில் நாலு பேரும் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். எங்கே போகலாம் என்று ஓட்டப்போகிறவளை ஒரு சனமும் கேட்கவில்லை.

“நான் ஒருத்தி மட்டும் ஏறினா?”

“உரசாதுக்கா.”

“அப்ப இதுவே இருக்கட்டும் தம்பி. வண்டியைக் கீழ இறக்கு.”