அறாத நூல்

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் இரண்டு பேர். முன் இருக்கையில் விமலநாதன், கத்தியும் குறடும் கிடந்த பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தபடி. பின் இருக்கையில் றெனோல்ட், போட வேண்டிய லைஃப் ஜாக்கெட்டை மெத்தையாக மடித்து அதன்மேல் குந்தியபடி. லவால் நகரத்து ஆற்றங்கரையில், மடக்குக் கதிரையில், தேநீர் பிளாஸ்க்கோடு விமலநாதனின் மனைவி சர்மிளா. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை.

டவுன்டவுனில் ஒரே உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர்கள் இருவரும். றெனோல்ட் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவன். குடும்பத்தைக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் முடியாமல் அவன் மனைவி அக்னெஸ் இன்னும் அங்கேதான் இருந்தாள். விமலநாதனின் ஊர் ஊரெழு. அங்கே கிணறுதான் கடல். நீந்தத் தெரியாது.

அவர்கள் தேடிப் போனது டைகர் மஸ்கியை. இரண்டு சாதி மீன்களுக்குப் பிறந்த கலப்பு. உடம்பெல்லாம் வரிப்புலிக் கோடு, வாயெல்லாம் பல். இரை விற்கும் கடைச் சுவரில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து றெனோல்டுக்கு வேறு கதை இல்லை. துடுப்பு வலித்துக்கொண்டே, மரத்தால் செய்த போலி மீனைப் பின்னால் இழுத்துப் போக வேண்டும். தூண்டில் தடியைச் செருகும் குழாய் உடைந்து கிடந்தது. றெனோல்ட் தடியையே கரையில் விட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, நூலைக் கால் பெருவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"என்னடா இது?"

"எங்கடை ஊரிலை இப்பிடித்தான், அண்ணை. கை ரெண்டும் துடுப்பிலை. விரல் காவல் நிக்கும்."

"பெரிசு ஒண்டு கடிச்சா?"

"தங்கூசி பட்டெண்டு அறும். நீங்கள் பயப்பிடாமல் வலியுங்கோ. இது உங்கடை கிணத்தடி இல்லை."

கரையிலிருந்து சர்மிளா சிரித்தது தண்ணீரில் கேட்டது. விமலநாதனும் சிரித்தான். ஊரில் பாவிக்கும் நைலோன் தங்கூசி அறும். இது பின்னல் நூல். எந்த மீனுக்கும் அறாது என்று கடைக்காரன் சொன்னதை நம்பி விமலநாதனே பார்த்து வாங்கியது. அது அந்த நேரம் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆற்றின் நடுவே நீர் கறுத்திருந்தது. காற்று எதிரே வந்தது. பேசிக்கொண்டே வந்த றெனோல்ட் சட்டென்று பேச்சை நிறுத்தினான். பிறகு ஒரு அலறல். கயாக் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. விமலநாதன் திரும்பிப் பார்த்தபோது பின் இருக்கையில் லைஃப் ஜாக்கெட் மட்டும் கிடந்தது.

றெனோல்ட் ஒரு கையால் கயாக்கின் ஓரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். கால் எங்கோ கீழே இழுபட்டது. முகம் தாழ்ந்தது, மேலே வந்தது.

"கத்தி! அண்ணை, கத்தி!"

கத்தி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. விமலநாதனின் இரண்டு கைகளும் கயாக்கின் விளிம்புகளைப் பிடித்திருந்தன. விடு என்று மனம் சொல்லிற்று, விரல்கள் கேட்கவில்லை. அப்போது கயாக்குக்கு அடியால் அது திரும்பிப் போனது. அவன் கால் அளவு நீளம். கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து முடியவே இல்லை போலிருந்தது. குனிந்தால் கயாக் கவிழும். கவிழ்ந்தால் அதோடு தண்ணீருக்குள்.

"மடு மாதாவே..." என்றான் றெனோல்ட். கரையில் சர்மிளா ஓடி ஓடிக் கத்தினாள்: "என்னப்பா பாத்துக்கொண்டிருக்கிறியள்!"

பிறகு றெனோல்ட் எதுவும் சொல்லவில்லை. வாய் திறந்திருந்தது, தண்ணீர்தான் வந்து போனது. கயிற்றிலிருந்து ஒரு விரல் கழன்றது. அந்த மௌனம் விமலநாதனை மீனைவிட மோசமாகப் பயமுறுத்தியது.

எப்படிக் கையை எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கத்தியோடு பின்னால் தவழ்ந்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டான். குளிர் எலும்பைக் கடித்தது. கால் அகப்பட்டது, அதற்குக் கீழே கம்பிபோல் விறைத்த நூல். அறுத்தான். நூல் போனது. மீனும் போனது.

றெனோல்டின் சட்டைக் கொலரை விடாமல் பிடித்தபடி கிடந்தான். காற்று அவர்களைக் கரைக்குத் தள்ளிற்று. சர்மிளா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தாள்.

பெருவிரலை டொக்டர்மாரால் காப்பாற்ற முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் விமலநாதன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"அக்னெஸுக்கு நீங்களே எழுதுங்கோ, அண்ணை. போனிலை என்ரை குரலைக் கேட்டா, நான் செத்துப் பிழைச்சது தெரிஞ்சிடும்," என்றான் றெனோல்ட். கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி கேட்டான்: "கன நேரமே தண்ணிக்குள்ளை கிடந்தனான்?"

"இல்லையடா, கொஞ்சம்," என்றான் விமலநாதன், கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி.

வீட்டுக்கு வந்து, திகதி போட்டு, விலாசம் எழுதித் தொடங்கினான். 'தங்கச்சி அக்னெஸ், முதலில் இதை வாசியும்: றெனோல்ட் உயிரோடு சுகமாக இருக்கிறான்.' அடுத்துக் கால்விரல். அதற்கடுத்து ஆற்றில் நடந்தது. 'நான் உடனே கத்தியை எடுத்து' என்று எழுதியதும் பேனா நின்றது. இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கண்டான்.

அந்தத் தாளைக் கிழித்தான். புதிய தாளில் முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதினான். 'உடனே' என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை.

"முடிஞ்சுதே?" என்று சர்மிளா கேட்டாள். அவன் உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, முத்திரையை அழுத்தி, மூலையிலிருந்த தெப்பனர் என்ற சில்லறைக் கடை வாசலுக்கு நடந்து போய், கடிதத்தைச் சிவப்புத் தபால் பெட்டிக்குள் போட்டான்.