வலப்பக்கம் விழுந்த பூ

1

இந்தக் கதை என்னுடையதல்ல. 1996இல், வெள்ளகோவிலிலிருந்து காந்திபுரம் வந்த பஸ்ஸில், முன்சீட்டு அப்பாவும் மகளும் பேசியதை ஒட்டுக்கேட்டு எடுத்தது. பெயர்கள் மட்டும் நான் வைத்தவை: அங்கப்பன், லோகப்பிரியா.

2

முதல் தொடக்கம்: ‘அந்த நகரத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. லோகப்பிரியா தன் கம்பளிக் கோட்டின்

(அடித்துவிட்டேன். அவள் இன்னும் பல்லடமே தாண்டவில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிப்பதால், எதை எழுதினாலும் முதல் வரியிலேயே எனக்குப் பனி பெய்துவிடுகிறது.)

3

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் முடிவாகவில்லை. ஆகவே குலதெய்வத்திடம் பூக்கேட்டார்கள். அம்மன் தலையில் பூவை வைத்துவிட்டு மனதுக்குள் கேட்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு.

வலப்பக்கம்தான் விழுந்தது.

4

“சங்கடப்படாத கண்ணு. ஆத்தாளே சொல்லிப்போட்டா.”

“எனக்கென்னங்கப்பா சங்கடம்? நீங்கதான் மனசத் தேத்திக்கோணும்.”

“நான் எதுக்குத் தேத்தோணும்?”

“நான் போனப்பறம் ஊட்ல தனியா இருக்கோணுமில்லீங்க?”

“எங்க போற?”

காங்கயத்தில் பஸ் நின்றபோது அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நீங்க என்னன்னு கேட்டீங்க?”

“உன்னய இங்கயே நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுக்கலாமான்னு. நீ?”

“படிக்கப் போலாமான்னு கேட்டனுங்க.”

“பூ ஒண்ணுதான அம்மணி வெச்சாங்க.”

“மறுக்காக் கேக்கலாங்களா?”

“குடுத்ததயே மறுக்காக் கேட்டா ஆத்தா கோவிச்சுக்குவா.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ரெண்டு பேரு மனசும் நோகக்கூடாதுன்னு பாத்திருக்கறா போல.”

“அவ பாத்துக்கிட்டா. நாமதான் மாட்டிக்கிட்டமுங்க.”

5

முடிவு அ: விமானம். பிறகு பனி. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு, அதனாலேயே சந்தேகம். போக ஆசைப்படுவது அவளா, நானா? என்னை எந்தப் பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை.)

முடிவு ஆ: ‘மண்டபத்து வாசலில் அவள் பெயர் பூவால்

(இதையும் முடிக்க மனம் வரவில்லை.)

6

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். காந்திபுரத்தில் இறங்கியதும் அங்கப்பன் ஒரு துணிக்கடை முன்னால் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஊட்டி போகிறவர்களுக்கான ஸ்வெட்டரும், பக்கத்தில் ஒரு முகூர்த்தப் பட்டும் தொங்கின.

“இது நல்லாருக்குமா கண்ணு?” என்று கையை நீட்டினார்.

“எதுங்கப்பா?”

ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது இருவரும் கடைக்குள் போயிருந்தார்கள்.

நான் போகவில்லை. வேண்டுமானால் நீங்கள் போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும்: தெருவிலிருந்து பார்த்தால் பட்டு வலப்பக்கம் இருக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் ஸ்வெட்டர்.