பட்டியலில் இருந்த பவுலின்

மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பவுலின் நர்ஸாக இருந்தாள். 2004இல் மகள் சகாய பிரியா பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, விழுப்புரம் சுகாதார அலுவலகத்தில் சீனுவாசன் என்ற தெரிந்தவரைப் பிடித்து, திண்டிவனத்தில் வீட்டுக்கு அருகிலேயே மாற்றுப்பணி வாங்கிக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு என்றுதான் பேச்சு. பரீட்சை முடிந்து பிரியா பிளஸ் ஒன் சேர்ந்த பிறகும் அவள் திரும்பவில்லை.

அந்த நிலையத்தில் நர்ஸ் பணியிடம் மூன்று. ஒன்று வெகுநாளாகக் காலி. இன்னொன்றில் பவுலினின் பெயர் இருந்ததால் வேறு ஆளைப் போட முடியாது. மிச்சம் செண்பகம் ஒருத்திதான்.

"எப்பக்கா வருவீங்க? ஒண்டியா முடியலக்கா" என்று அவள் போன் செய்தாள்.

"அடுத்த மாசம் வந்துடறேன். பொண்ணு டியூஷன் போய்க்கினு இருக்கா."

பிறகொரு நாள் செண்பகத்தின் நம்பரைப் பார்த்ததும் பவுலின் போனை எடுக்கவேயில்லை.

2005 ஆடி அமாவாசையன்று டாக்டரைக் கோயில் கூட்டத்துக்கான மருத்துவ முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். காலை பதினோரு மணிக்கு இரண்டு பெண்கள் பிரசவ வலியோடு வந்தார்கள். முதல் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, ரத்தம் நிற்கவில்லை. செண்பகத்தால் அவளை விட்டு நகர முடியவில்லை. அடுத்த அறையில் இரண்டாவது பெண் இளவரசியின் குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, பார்க்க ஆளில்லாமல் பிறந்தது. அது அழவேயில்லை.

பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'பணியில் இரண்டு செவிலியர் இருந்தும்' என்று செண்பகத்துக்கு மெமோ வந்தது. விசாரணைக்குப் பவுலினையும் விழுப்புரத்துக்கு வரச் சொன்னார்கள்.

"அன்னிக்கு லீவுன்னு ஒரு லெட்டர் குடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் சீனுவாசன். அவள் எழுதியே கொண்டுபோனாள்.

வராந்தாவில் இளவரசியின் புருஷன் தேவா உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு நர்ஸம்மா நீங்கதானா?"

"ஆமாம்பா."

"அன்னிக்கு எங்கம்மா போனீங்க?"

அவன் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதற்குள் பவுலினை உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே விசாரணை அதிகாரி கேட்டபோது கடிதத்தை அவள் எடுக்கவில்லை. "லீவு இல்ல சார். பதினாலு மாசமா நான் அங்க போகவே இல்ல. அந்தப் பொண்ணு ஒண்டியாத்தான் பாத்துக்கினு இருந்தா."

செண்பகத்தின் மெமோ ரத்தானது. பவுலினைக் கண்டித்துப் பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். அவள் வந்து சேர்ந்த அன்றே செண்பகம் மாறுதல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

"என்ன மன்னிச்சிடு செண்பகம்" என்றாள் பவுலின்.

"நீங்க போன எடுத்திருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள் அவள்.

இப்போது பவுலின் ஒண்டி. தனக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான் என்றிருந்தாள். ஒரே நாளில் மறுபடி இரண்டு கர்ப்பிணிகள் வந்தபோதுதான், தண்டனை தனக்கில்லை, அவர்களுக்கு என்பது உறைத்தது. அன்று தப்பித்தார்கள். இன்னொரு நர்ஸ் கேட்டு வாராவாரம் விழுப்புரத்துக்கு எழுதினாள். பதினோரு மாதம் கழித்து ஒரு நர்ஸ் வந்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம் இளவரசியின் வீட்டுக்குப் போனாள். தான் யாரென்று சொன்னாள். இளவரசி உள்ளே போய், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வறுத்த வேர்க்கடலையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. சாப்பிடுங்க."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருக்கலாம் என்று பவுலினுக்கு இருந்தது.