கரைமேட்டில் ஒரு மோசே

மிசௌரியில் எங்கள் பக்கம் ஆறு பொங்கினால் முதலில் நனைவது ஒலீட்டாவின் அடுப்படிதான். கரைமேட்டுக்குக் கீழே, ஆற்றுப் பக்கப் பள்ளத்தில் இருக்கிற வீடு. புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த வருஷம், வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் உச்சத்துக்கு வரும் என்று ரேடியோ சொன்னது. கவுண்டி நிர்வாகத்து ஆட்கள் அவள் வீட்டு வாசலில் ஒரு லாரி மணலும் ஒரு கட்டு காலிச் சாக்கும் இறக்கிவிட்டுப் போனார்கள்.

எங்கள் பாஸ்டர் பிரதர் ஹார்லன் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மணலைப் பற்றிப் பேசவில்லை. அமலேக்கியர் யுத்தத்தைப் பற்றிப் பேசினார். மோசே மலைமேல் கையைத் தூக்கியிருந்தவரை இஸ்ரவேலுக்கு வெற்றி; தாழவிட்டால் அமலேக்குக்கு வெற்றி. கை சோர்ந்தபோது அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்கிறவர் மறுபக்கமும் தாங்கினார்கள். இந்த ஆறுதான் நம் அமலேக்கு என்றார். மோசே யார் என்று மட்டும் சொல்லவில்லை. அடக்கமான மனிதர், நாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தாங்குவதற்கு ஆள் சேர்ந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கண்ணுகளா. வருஷம் முழுக்கக் கழிவறை கழுவ ஒருத்தர் கிடைக்காத சபையில் இருபத்திரண்டு பெயர். அரை மணிக்கு ஒரு ஜோடி என்று லிஸ்ட் போட்டார்கள். வலக்கை யாருக்கு என்பதில் டீக்கன்கள் க்ளோவிஸுக்கும் டெல்மருக்கும் தகராறு. க்ளோவிஸ் மூத்தவர் என்று வலக்கை அவருக்குப் போனது. டெல்மர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இடக்கைக்குச் சம்மதித்தார்.

வியாழன் காலை பத்து மணிக்குப் பிரதர் ஹார்லன் கரைமேட்டில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். கல் சில்லிடும் என்று மனைவி சொல்லிவிட்டாராம். முறை வராதவர்கள் பொரித்த கோழியைத் தின்றபடி ஆமென் சொன்னார்கள். தண்ணீரில் ஓர் அளவுகோல் நட்டிருந்தது. அரை அங்குலம் இறங்கினால் ஸ்தோத்திரம். ஏறினால், தாங்கினவனை எல்லோரும் முறைத்தார்கள்.

கீழே ஒலீட்டாவும் நானும் இன்னும் இரண்டு கிழவிகளும் சாக்கில் மணல் அள்ளி வீட்டைச் சுற்றி அடுக்கினோம். பகல் ஒரு மணிக்கு ஒரு வரிசைகூட முடியவில்லை. ஒலீட்டா மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேடேறினாள். பின்னாலேயே நானும் போனேன். அப்போது க்ளோவிஸ், டெல்மர் முறை.

“பிரதர், லிஸ்ட்டுல ஆரோனு பதினோரு பேரு, ஊரு பதினோரு பேரு இருக்காங்க. யோசுவா யாருங்க?”

“அது இப்ப எதுக்கு சிஸ்டர்?”

“கீழ வாளப் புடிச்சு சண்ட போட்டது அவருதானே? எல்லாரும் மலையிலயே நின்னா அமலேக்க யாரு வெட்டுறது? என் வாசல்ல வந்து நிக்கிறான்.”

விசுவாசக் குறைவான பேச்சுதான் தண்ணீரை ஏற்றும் என்று க்ளோவிஸ் எச்சரித்தார்.

“கோழிக்கால் தின்னா ஏறாதோ?” என்றாள்.

டெல்மருக்கு அந்த இடக்கைமேல் ஏற்கெனவே பிரியம் கிடையாது. சட்டென்று விட்டுவிட்டார். பாஸ்டரின் கை பொத்தென்று மடியில் விழுந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவுகோலைப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. இவர்கள் கையை அது கவனித்ததாகவே தெரியவில்லை.

டெல்மர் சரிவில் இறங்கினார். பிறகு ஒருவர், பிறகு இரண்டு பேர், பிறகு கோழியை வாயில் கவ்வியபடி ஒருவர். வலக்கையோடு தனித்து நின்ற க்ளோவிஸுக்கு இரண்டு மணிக்கு ஒன்றுக்கு முட்டியது. அந்தக் கையும் இறங்கியது.

பிரதர் ஹார்லனும் வந்தார். பாவம், நான்கு மணி நேரம் தூக்கின கை மரத்து, விரல் மடங்கவில்லை. மண்வெட்டி நழுவி நழுவி விழுந்தது. ஒலீட்டா அவரை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, மடியில் காலிச் சாக்குகளைப் போட்டாள்.

“சாக்கெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குங்க பிரதர். உதறிக் குடுங்க, அது போதும்.”

உதறிக் கொடுத்தார். அவர் எங்கள் சபைக்கு வந்து செய்த முதல் உருப்படியான ஊழியம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வரிசை போட்டோம். தண்ணீர் வந்து ஐந்தாவதை நக்கிவிட்டு நின்றது.

ஞாயிறு பிரசங்கத்தில், உயர்த்திய கரங்களால் கர்த்தர் ஒரு விதவையின் வீட்டைக் காத்தார் என்றார் பாஸ்டர். க்ளோவிஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். சாட்சி சொல்ல ஒலீட்டாவைத் தேடினார்கள், அவள் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படி நாற்காலியில், காய்ந்த தரையில் வெறுங்காலை நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை.